பாதி வந்தால் மாற்று

கிருபாகரன் சாரின் சிறுநீரகம் என் திரைக்கு வந்தபோது நான் காலை டீயை முடித்துவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன்.

பெயர் இல்லை. எங்களிடம் வரும் எந்தக் குறிப்பிலும் பெயர் இருக்காது; அது சட்டம். ஆண், ஐம்பதைத் தாண்டியவர். இருப்பது இடது சிறுநீரகம் மட்டும். வலது, மகனுக்குத் தானம் செய்யப்பட்டது. இடது முழங்கையில் பழைய தீக்காயத் தழும்பு. அந்த முழங்கையை மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் மேசைத் தடுப்பின்மேல் அதை ஊன்றிக்கொண்டுதான் அவர், "என்னம்மா பொற்கொடி, இன்னைக்கு எத்தனை பேருக்கு உயிர் கொடுத்தே?" என்று கேட்பார்.

டாக்டர் பேசியிருந்த குறிப்பு சுருக்கமானது. கல்லுக்காக முன்பு சிறுநீர்ப் பாதையில் வைத்த ஸ்டென்ட் உப்புப் படிந்து அடைத்திருக்கிறது. காய்ச்சல். முதுகு வழியாகச் சிறுநீரகத்துக்குள் குழாய் விட்டுச் சீழை வடித்திருக்கிறார்கள். பிறகு பழைய ஸ்டென்டை உருவப் பார்த்திருக்கிறார்கள். இழுக்கும்போது அது அறுந்துவிட்டது. கீழ்ப்பாதி வந்தது, மேல்பாதி சிறுநீரகத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. அதன் பக்கத்தில் புதிதாக ஒன்றை வைத்து முடித்திருக்கிறார்கள். கடைசி வரி இப்படி இருந்தது: 'உள்ளே நிற்கும் துண்டை, காய்ச்சல் தணிந்ததும் கல் உடைத்து எடுக்க வேண்டும்.'

திரையின் அடியில், துணை என்ற எங்கள் இயந்திரம் எனக்காக இரண்டு சொற்களை எடுத்து வைத்திருந்தது. சேர்ப்பு. மாற்று. சேர்ப்பு என்றால் பழையது உள்ளே இருக்க, புதியது பக்கத்தில் போனது. மாற்று என்றால் பழையது வெளியே, புதியது உள்ளே. மாற்று என்ற சொல்லைத் துணை லேசாகப் பச்சையடித்துக் காட்டியது. அதற்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். கற்றுக்கொடுத்தவர் இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் மயக்கம் தெளியாமல் கிடந்தார்.

மாற்று என்பதைத் தொட்டேன். குறிப்பு மறைந்து அடுத்தது வந்தது. யாரோ ஒரு பெண்ணின் பித்தப்பை.

*

இந்த வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எங்களுக்கு வகுப்பெடுத்தவர் அவர்தான். கரூர் பைபாஸ் ஓரத்தில் ஒரு கட்டடம், அதன் நாலாவது தளம், விலங்கியலும் உயிர்வேதியியலும் படித்துவிட்டு வேறு வேலை கிடைக்காத நாங்கள். டாக்டர்கள் பேசுவதைக் கேட்டு, இன்ன சிகிச்சை என்று அதற்குரிய குறியீட்டை, எங்கள் பேச்சில் 'கோடு', போடுவது எங்கள் வேலை. இயந்திரமே அதைச் செய்துவிடும். ஆனால் கடைசியில் ஒரு மனிதக் கை தொட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் கை நாங்கள்.

கிருபாகரன் சார் பலகையில் படம் போட்டு, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை உதாரணமாக வைத்துக்கொண்டார். "தொட்டியில தண்ணி இருக்கு, கீழ வர்ற பைப் அடைச்சிருக்கு. என்ன பண்ணுவே? ஒண்ணு, தொட்டியிலயே பக்கவாட்டுல ஓட்டை போட்டு வெளிய விடலாம். அது முதுகுக் குழாய். இல்ல, அடைச்ச பைப்புக்குள்ள மெல்லிசா ஒரு டியூபைச் சொருகலாம். அது ஸ்டென்ட். வெச்சா சில மாசத்துல எடுத்துடணும். மறந்தா உப்பு படிஞ்சு கல்லாயிடும். அப்புறம் தொட்டியே போச்சு."

அதை யார் சார் மறப்பார்கள் என்று யாரோ கேட்டார்கள்.

"எல்லாரும் மறந்தாங்க. டாக்டர் மறந்தார், நோயாளி மறந்தான். வருஷக்கணக்கா உள்ள வெச்சுக்கிட்டுத் திரிஞ்சவங்க இருக்காங்க. துணை வந்தப்புறம்தான் அது நின்னுச்சு. இப்ப ஒவ்வொரு ஸ்டென்டுக்கும் ஒரு நம்பர். நீ கோடு போட்டதும் அது முழிச்சுக்கும். அதுவே போன் பண்ணும், வலிக்குதான்னு கேட்கும், எடுக்கற நாளைச் சொல்லும். வரலைன்னா வீட்டு வாசலுக்கு ஆம்புலன்ஸ் அனுப்பும். எடுத்தாச்சுன்னு நீ கோடு போட்டாத்தான் தூங்கும்."

அதனால் டாக்டர்கள் எதையும் நினைவில் வைத்துக்கொள்வதை விட்டுவிட்டார்கள். பேசிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் பேசிய பதிவும் ஒரு மாதத்தில், நோயாளியின் அந்தரங்கம் கருதி, அழிந்துவிடும். எஞ்சுவது கோடு மட்டும். ஆஸ்பத்திரிக் கவுண்டர், மருந்து அலமாரி, ஸ்கேன் அறையின் கதவு, எல்லாமே கோடு என்னவென்றுதான் கேட்கும். மனிதரைக் கேட்காது.

நான் கையைத் தூக்கினேன். அந்த வகுப்புக்கு நான் ஒரே ஒரு கேள்வியோடுதான் வந்திருந்தேன். பழையது அறுந்து பாதி மட்டும் வந்தால் என்ன போடுவது?

அவர் முகம் மலர்ந்தது. "நல்ல கேள்வி. முறைப்படி சேர்ப்பு. ஆனா சேர்ப்புன்னு போட்டா, ஒரே பக்கம் ரெண்டான்னு துணை டாக்டருக்குக் கேள்வி அனுப்பும். அவர் எப்பப் பார்த்து எப்பப் பதில் சொல்றது? அதுவரைக்கும் நம்ம தளத்துல சிவப்பு விளக்கு எரியும். அதனால நம்ம விதி என்ன? பாதி வந்தா மாற்று. பாதி வந்துடுச்சுன்னா மீதியும் தன்னால வரும். கல்யாணத்துல மாலை மாத்தறப்ப நாலு இதழ் உதிர்ந்துபோச்சுன்னா மாலையே மாத்தலைன்னு சொல்லுவோமா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவர் முகத்தை மனப்பாடம் செய்தேன்.

*

என் தங்கை தேன்மொழிக்கு வயிற்றில் ஐந்து மாதம் இருக்கும்போது வலது பக்கம் ஸ்டென்ட் வைத்தார்கள். அவள் கணவர் தோஹாவில் இருந்தார். கவுண்டரில் போன் நம்பர் கேட்டபோது என்னுடையதைக் கொடுத்தேன். அதனால் ஸ்டென்ட் என்னைத்தான் கூப்பிடும்.

"தேன்மொழி அவர்களே, வணக்கம். உங்கள் ஸ்டென்ட் பேசுகிறேன். இப்போது வலி இருக்கிறதா? ஆம் அல்லது இல்லை என்று சொல்லவும்."

நல்ல ஆண் குரல். அவசரமே இல்லாத குரல். தேன்மொழி என் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு, வேண்டுமென்றே பேசாமல் இருப்பாள். அது மறுபடி கேட்கும். மறுபடியும், அதே மரியாதையோடு. "பாருக்கா, என் வீட்டுக்காரர் பாதிப் பேச்சுல வெச்சுட்டுப் போயிடறார். இவன் பதில் சொல்ற வரைக்கும் விட மாட்டேங்கறான்," என்று சொல்லிச் சிரிப்பாள். வயிறு குலுங்கும். உள்ளே இருப்பது எழுந்துவிடும் என்று நான் அதட்டுவேன். ஒருநாள் அந்த எண்ணை என் போனில் 'ரெண்டாவது மாப்பிள்ளை' என்று பதிந்து வைத்தாள்.

எட்டாம் மாதம் காய்ச்சல் வந்து, பழையதை எடுத்துவிட்டுப் புதியது வைத்தார்கள். அப்படித்தான் எங்களிடம் சொன்னார்கள், ஏனென்றால் கோடு அப்படிச் சொன்னது. பெண் குழந்தை பிறந்தது. பிறகு புதியதையும் எடுத்தார்கள். ரெண்டாவது மாப்பிள்ளை பேசுவதை நிறுத்திவிட்டார்.

வலி மட்டும் நிற்கவில்லை. வலது இடுப்பில் கையை வைத்து, கட்டைவிரலால் முன்பக்கம் அழுத்திக்கொண்டு நிற்பாள். அப்படியேதான் கவுண்டரிலும் நின்றாள். கவுண்டர் திரையில் வந்தது: 'கருவி எதுவும் இல்லை. பிரசவத்துக்குப் பிந்தைய தசை வலி.' டாக்டர் சின்னப் பெண், களைத்திருந்தாள். திரையைப் பார்த்துவிட்டு என் தங்கையைப் பார்த்தாள், அசலைப் பார்த்துவிட்டு மங்கிய நகலைப் பார்ப்பதுபோல. ஸ்கேன் அறைக் கதவு கோடு இல்லாமல் திறக்காது என்றாள். நான் சண்டை போட்டேன், காவலாளி வந்தார். முசிறியில் அவள் மாமியார், பிள்ளை தூக்கச் சோம்பல்பட்டுக்கொண்டு வலி வலி என்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னாராம்.

"உள்ள ஏதோ இருக்குக்கா. என் உடம்பு எனக்குத் தெரியாதா?" என்று தேன்மொழி கேட்டாள். பதினோரு தடவையோ பன்னிரண்டு தடவையோ கேட்டிருப்பாள். கடைசியில் நினைவு தப்பி விழுந்தபோதுதான் கதவு திறந்தது.

அறுத்து எடுத்த பெரிய டாக்டர் அதை எவர்சில்வர் தட்டில் வைத்துக் காட்டினார். சுள்ளி ஒன்றைச் சுற்றிச் சுண்ணாம்பு வளர்ந்ததுபோல இருந்தது. 'அகற்றப்பட்டது' என்று அவர் பதிய முயன்றபோது துணை மறுத்தது. இல்லாத கருவியை அகற்ற இயலாது என்றது. அவர் கையுறையைக் கழற்றிவிட்டு என் முன்னாலேயே முறையீடு அனுப்பினார். மறுநாள் தேன்மொழி இறந்துபோனாள். ஒரு வாரம் கழித்து முறையீட்டுக்குப் பதில் வந்தது: 'விதி ஆராயப்பட்டது. சரி.'

சரி என்று சொன்னது யார் என்று அப்போது எனக்குத் தெரியாது. எங்கோ ஓர் ஆள் இருக்கிறான் என்பது மட்டும் தெரியும். அந்த ஆளைத் தேடித்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

*

நல்லவர்களை வெறுப்பது கடினமான வேலை. கிருபாகரன் சார் நல்லவர். யாருக்காவது காய்ச்சல் என்றால் அவரே விடுப்பைப் போட்டு அனுப்புவார். மகனுக்குச் சிறுநீரகம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்த அன்று, எல்லோருக்கும் பாதுஷா வாங்கி வந்து, "ஒண்ணு போனா என்ன, ஆண்டவர் ஸ்பேர் கொடுத்துத்தானே அனுப்பினார்," என்றார். தளமே கைதட்டியது. நான் பாதுஷாவை முழுதாகத் தின்றேன். வெறுப்பை ஒவ்வொரு நாளும் காலையில் புதிதாகப் பற்ற வைக்க வேண்டியிருந்தது. அதற்கு எனக்கு ஒரு வழி இருந்தது. இருக்கையில் உட்காரும் முன் வலது இடுப்பில் கையை வைத்து, கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திக்கொள்வேன்.

எங்கள் தளத்தின் முறையீடுகள் எல்லாம் பயிற்சித் தலைவரான அவரிடம்தான் போகும். அவர் திரையில் இரண்டு பொத்தான்கள் வரும்: சரி, தவறு. சரி என்றால் கோடு அப்படியே நிற்கும். தவறு என்றால் அந்த விதிப்படி போட்ட அத்தனை கோடுகளும் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும். தூங்கவைத்த ஸ்டென்ட்கள் எல்லாம் எழுந்து தங்கள் ஆட்களைக் கூப்பிடும். முன்பு மூன்றாவதாக ஒரு பொத்தானும் இருந்ததாம்: 'இது மட்டும்'. ஒரே ஒருவருடைய கோடு ஒன்றை மட்டும் திருத்த. எல்லோரும் சுலபமாக அதையே அழுத்தி நேரத்தை வீணடித்ததால் தானே சொல்லி அதை எடுக்க வைத்ததாக, ஒரு பிரிவுபசாரக் கூட்டத்தில் அவர் பெருமையாகச் சொன்னார். சரி என்றது யார் என்று அன்றைக்கு எனக்கு உறுதியானது.

மேலே புகார் கொடுத்திருக்கலாம். யாராவது விசாரித்து, அவருக்கு ஓர் எச்சரிக்கை கொடுத்து, வேறு தளத்துக்கு மாற்றியிருப்பார்கள். அது எனக்குப் போதாது. என் தங்கை நின்றதுபோல அவர் நிற்க வேண்டும். இடுப்பில் கையோடு, கவுண்டரில், யாரும் நம்பாமல்.

என் பக்கத்து இருக்கை ஷாகிதா. மத்தியானம் அவள் டிபனும் என் டிபனும் ஒன்றாகத்தான் திறக்கும். அவள் அத்தாவுக்கு, அப்பாவைத்தான் அப்படிச் சொல்வாள், ஸ்டென்ட் வைத்து, மாற்றி, எடுத்தும் ஆகிவிட்டது. ஆனால் விலாவில் பிடிப்பு போகவில்லை. "வாயுன்னு சொல்றாங்க, வயசாச்சுல்ல," என்பாள். நான் அவள் கொண்டுவந்த தேங்காய்ச் சட்னியில் இட்லியைத் தோய்த்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். வாயைத் திறந்தால் விதி அம்பலமாகி என் காத்திருப்பு கலைந்துவிடும். அதனால் மென்றேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் குறிப்பு வந்தது, அவருடைய விதியைப் பின்பற்றும்படி மட்டும் என்னைக் கேட்டுக்கொண்டு.

*

புதிய ஸ்டென்டோடு அவர் வேலைக்குத் திரும்பினார். மத்தியானச் சாப்பாட்டில் போன் அடிக்கும். "வந்துட்டான்யா," என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, "இல்லை," என்று உற்சாகமாகச் சொல்வார். பிறகு அதை எடுத்துவிட்டார்கள். போன் நின்றது.

அதற்கப்புறம் நான் அவருடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அது எப்போதாவது இடுப்புக்குப் போனது. பிறகு படியேறும்போது போனது. ஒருநாள் என் மேசைத் தடுப்பில் முழங்கையை ஊன்ற வந்தவர், ஊன்றாமல், இடுப்பில் கையை வைத்துக் கட்டைவிரலால் முன்பக்கம் அழுத்திக்கொண்டு நின்றார். எத்தனை பேருக்கு உயிர் கொடுத்தாய் என்று கேட்கவில்லை. எனக்குள் ஒரு சந்தோஷம் ஊறியது. நாக்கின் அடியில் உப்புக்கல்லை ஒதுக்கி வைத்தால் ஊறுமே, அப்படி. கொஞ்சம் கொஞ்சமாகக் கரையவிட்டேன். அவருடைய மகனின் உடம்பில் இருப்பதும் அவருடைய சிறுநீரகம்தான், அது நன்றாக வேலை செய்கிறது என்று நினைக்கும்போது மட்டும் அந்த ருசி கெட்டது. அதனால் அதை அடிக்கடி நினைக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, கண்ணாடி அறைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார். கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. பாதம் செருப்புக்குள் அடங்கவில்லை. மேசையில் ஒரு டீ ஆடை கட்டிக் கிடந்தது.

"கவுண்டர்ல மறுபடியும் கருவி எதுவும் இல்லைன்னுட்டாங்க. தசை வலியாம்," என்றார். "அந்த டாக்டர் பொண்ணுகிட்ட, உள்ள ஏதோ இருக்கும்மா, என் உடம்பு எனக்குத் தெரியாதான்னு கேட்டேன். திரையைப் பார்த்துட்டு என்னைப் பார்க்குது."

அந்த வாக்கியத்தை அதுவரை ஒரே ஒரு குரலில்தான் கேட்டிருந்தேன்.

"நேத்துலேர்ந்து யூரின் சொட்டுச் சொட்டா வருது. இருக்கறது ஒண்ணு." மூச்சு வாங்கிக்கொண்டார். "வேற யாருக்கும் இது தோணாது, பொற்கொடி. எனக்குத் தோணும்ல. என் சார்ட்டை யார் போட்டாங்கன்னு பார்த்தேன். நீ."

"பேர் இல்லாமதான் சார் வரும்."

"பதிவு அழிஞ்சுபோச்சு. டாக்டர் பேசினதைப் படிச்சது இப்ப நீ ஒருத்திதான். பழசு முழுசா வந்துச்சா?"

"நாளெல்லாம் சார்ட் வருது. எதைன்னு சார் நினைவு வெச்சுக்கறது?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பயிற்சி கொடுத்தவருக்கு, தன்னிடம் படித்தவள் எப்போது பொய் சொல்கிறாள் என்று தெரியும்போல. "உனக்கு நினைவிருக்கு," என்றார்.

அவர் தெரிந்துகொள்ளாமல் செத்துப்போனால் அது நான் பழிவாங்கியது ஆகாது, வெறும் நோய் ஆகிவிடும். அதனால் சொன்னேன்.

"பாதி வந்துச்சு சார். பாதி வந்தா மாற்று."

மேசைமேல் இருந்த அவர் கைகள் அசையவில்லை. "நான்னு தெரிஞ்சேவா?" என்று கேட்டார்.

"முழங்கையில தீக்காயம்னு இருந்துச்சு."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். "ஏன்மா?" என்று மட்டும் கேட்டார்.

நின்றுகொண்டே சொன்னேன். மூன்று வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு அது. ஆனால் வாயில் வந்தது வேறு மாதிரி இருந்தது, ஏதோ விசாரணை அறிக்கையை வாசிப்பதுபோல. எட்டாம் மாதம், வலது பக்கம் என்று வந்தபோது அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"முசிறிப் பொண்ணு," என்றார்.

"பேர் தேன்மொழி."

"பேர் எனக்குத் தெரியாது, ஊர் மட்டும்தான் இருந்துச்சு. முறையீடு என்கிட்டதான் வந்துச்சு. சரின்னு அழுத்தினது நான்தான்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "உடனே அழுத்தலை. அதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்."

"எவ்வளவு நேரம் சார்?"

யோசித்தார். "ஒரு டீ ஆறுற நேரம்."

என் தங்கைக்கு அவ்வளவு கிடைத்திருக்கிறது.

அந்த வாரம்தான் மகனின் ஆபரேஷனுக்கு, சில மாதம் தள்ளி, நாள் குறித்தார்கள் என்று அவர் சொன்னார். தானும் உள்ளே போய்ப் படுக்க வேண்டும். தவறு என்று அழுத்தினால் ஊர் முழுக்கப் போன் அடிக்கும், விசாரணை வரும், தன்னை எங்கும் நகர விடமாட்டார்கள், மகனுக்கு யார் கொடுப்பது. திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாராம்.

"வந்து பார்த்தீங்களா சார்?"

அவர் டீயைப் பார்த்தார். நான் பாதுஷாவை நினைத்தேன். அது எதற்காக வாங்கி வந்த பாதுஷா என்று இப்போது யோசிக்க வேண்டியிருந்தது.

போனை எடுத்து, அவருடைய கோடின்மேல் என் பெயரிலேயே ஒரு முறையீடு போட்டேன். அதற்குப்பின் என்னையும் விசாரிப்பார்கள். அது எனக்குத் தெரியும். அடுத்த நொடி அவர் மேசைத் திரை ஒளிர்ந்தது. அதே விதி, அதே இரண்டு பொத்தான்கள்.

"இது மட்டும்னு ஒண்ணு இருந்துச்சு," என்றார் அவர். உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போனது. "நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"தெரியும் சார்."

அவர் சரி என்று அழுத்த வேண்டும் என்று நான் விரும்பினேன். அதை மறைத்து எழுதினால் இதையெல்லாம் எழுதுவதில் அர்த்தமில்லை. மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு, தன் விதியைத் தானே மேலே போர்த்திக்கொண்டு, அவர் வீட்டுக்குப் போய்ச் சாக வேண்டும். தவறு என்று அழுத்தினால் பிழைத்துவிடுவார். எத்தனையோ பேர் பிழைப்பார்கள். அந்த எத்தனையோ பேர் அந்த நேரத்தில் எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அதில் ஷாகிதாவின் அத்தாவும் சேர்த்தி.

"நான் அன்னைக்குச் சரின்னு அழுத்தினதை என் பையன்கிட்ட சொல்லிடாதே," என்றார் அவர். "அவன் உடம்புல இருக்கறது எப்படி வந்துச்சுன்னு அவனுக்குத் தெரிய வேணாம்."

நான் வாக்குக் கொடுக்கவில்லை. கொஞ்சம் காத்துப் பார்த்துவிட்டு அவர் திரைமேல் விரலை வைத்தார். தவறு.

*

கண்ணாடிக்கு வெளியே முதலில் ஒரு போன் அடித்தது. பிறகு தளத்தின் மறு கோடியில் இன்னொன்று. கீழே பைபாஸில் யாரோ வண்டியை ஓரங்கட்டிப் போனைக் காதில் வைத்தார்கள். அது இதுதானா என்று சொல்ல முடியாது. கதவைத் தட்டாமல் ஷாகிதா உள்ளே வந்தாள். "சார், அத்தாவோட ஸ்டென்ட் பேசுது சார். உள்ள இன்னும் இருக்காம். எடுக்கற நாள் தாண்டிடுச்சாம். வாயு வாயுன்னு நாங்க பாட்டுக்கு..." என்று அழுதுகொண்டே விடுப்பு கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். போகும்போது அவள் என் கையைப் பிடித்து, எனக்காகத் துஆ செய் என்பதுபோல ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள். மூன்று வருடத்தில் என்னைச் சுட்ட ஒரே தொடுகை அதுதான்.

மேசைமேல் இருந்த அவருடைய போன் அடித்தது. அவருடைய ஸ்டென்ட். இனி அது விடாது. வலி என்று ஒரு சொல் சொன்னால் போதும், ஆம்புலன்ஸ் கிளம்பிவிடும், ஸ்கேன் கதவு திறந்துவிடும். அவர் கையை நீட்டினார்.

அப்போது என் போனும் அடித்தது.

திரையில் 'ரெண்டாவது மாப்பிள்ளை' என்று இருந்தது.

எனக்குக் கொஞ்சநேரம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவளுடைய முதல் ஸ்டென்டைத் தூங்க வைத்தது இதே விதி. அது தூங்கிய பிறகுதான் அவள் இறந்தாள். அதற்கு யாரும் சொல்லவில்லை. பெரிய டாக்டர் எடுத்தபோது துணை ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஆகவே அதன் கணக்கில் அது இன்னும் அவளுக்குள்தான் இருக்கிறது, அவள் இன்னும் இருக்கிறாள்.

ஸ்பீக்கரில் போட்டு, போனை அவர் முன்னால் வைத்தேன். இன்னொரு கையை அவருடைய போனின்மேல் வைத்துக்கொண்டேன். அது என் உள்ளங்கையின் அடியில் துடித்துக்கொண்டிருந்தது.

"தேன்மொழி அவர்களே, வணக்கம். உங்கள் ஸ்டென்ட் பேசுகிறேன். என்னை அகற்ற வேண்டிய நாள் கடந்துவிட்டது. இப்போது வலி இருக்கிறதா? ஆம் அல்லது இல்லை என்று சொல்லவும்."

அதே குரல். அவசரமே இல்லாத அதே மரியாதை.

"முதல்ல இதுக்குச் சொல்லுங்க சார்," என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். அதன் அடியில் அடிக்கும் தன் போனைப் பார்த்தார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, போனைப் பார்த்துக் குனிந்து, "அவங்க இறந்துட்டாங்க," என்றார்.

"மன்னிக்கவும். ஆம் அல்லது இல்லை என்று சொல்லவும். இப்போது வலி இருக்கிறதா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கையை எடுக்கவில்லை.

"தேன்மொழி அவர்களே," என்றது அது. "இப்போது வலி இருக்கிறதா?"